டிஸ்க் போயிடுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த பட்டை கேபிளை ஒரு தடவ பாருங்க

தம்பி, நீங்க கேட்டிருக்கறது கேபிளை பத்தி. பாலக்கோட்டுல அப்பா நடத்துன டிடிபி சென்டர் கம்ப்யூட்டர் பரண் மேல கெடந்துச்சு, உள்ள 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், கூட ரெண்டு பட்டை கேபிள், ஒண்ணுல கோடு தடிதடியா இருக்கு இன்னொண்ணுல மயிரிழை மாதிரி நெருக்கமா இருக்கு, எதை போடறது, ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டும் டிஸ்க் காட்டல, கடையில குடுத்தா ஒரு நிமிஷம் மாட்டி பாத்துட்டு டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆனா கடைசி வரியில, அப்பா ஊர் பெரியவங்ககிட்ட கேட்டு கேட்டு ரெண்டு வருஷமா டைப் பண்ணி வச்ச கோயில் வரலாறு அதுல தான் இருக்கு, வேற எங்கயும் இல்லன்னு எழுதிருக்கீங்களே, உங்க கேள்வியே அது தான். அது திரும்ப கெடைக்குமான்னு கேக்குறீங்க. அதுக்கு தான் பதில் சொல்றேன், கேபிள் அதுக்கு நடுவுல வரும்.

நான் 1999ல தர்மபுரியில சர்வீஸ் வேலைக்கு சேந்தவன், அப்ப கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம் தான், 2004ல தான் பிரிஞ்சுது, அதுக்கப்புறம் கிருஷ்ணகிரிக்கே வந்துட்டேன். ஸ்பேர் எதுவா இருந்தாலும் காலையில பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் வாங்கிட்டு சாயங்காலம் ஓசூர் வழியா திரும்பிருவோம். அந்த பையில எப்பவும் ஒரு கட்டு பட்டை கேபிள் இருக்கும். நூத்துக்கணக்கான பெட்டிய தொறந்து மூடிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், போயிடுச்சுன்னு தூக்கி போட்ட டிஸ்க்ல கணிசமானது உயிரோட தான் இருந்துச்சு. கேபிளோ, ஜம்பரோ (டிஸ்க் பின்னாடி பின் மேல மாட்டற குட்டி மூடி), கரண்டோ தான் தப்பா இருந்துச்சு. உங்க டிஸ்க்கும் அப்படித்தான்னு நான் இங்க உக்காந்துட்டு சத்தியம் பண்ண முடியாது, ஆனா ஒரு நிமிஷத்துல மாட்டி பாத்து சொன்ன தீர்ப்ப ஏத்துக்காதீங்க.

மொதல்ல உறுதியா தெரிஞ்ச விஷயம். தடி கோடு கேபிள்ல 40 கம்பி, நெருக்கமா இருக்கறதுல 80 கம்பி. ரெண்டும் அகலத்துல ஒண்ணு தான், அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம், முனையில இருக்கற கனெக்டரும் ரெண்டுக்கும் அதே 40 ஓட்டை தான், அதனால தான் எல்லாருக்கும் குழப்பம். அப்புறம் அந்த கூடுதல் 40 கம்பி எங்க போகுதுன்னு கேப்பீங்க. அது எல்லாமே கிரவுண்டு, அதாவது சுழிய வோல்ட்டுல நிக்கற கம்பி, சிக்னல் எதுவும் அதுல போறதில்ல. ஐடிஇ, அதாவது இந்த பட்டை கேபிள்ல ஓடற பழைய வகை டிஸ்க், ஒரே நேரத்துல 16 பிட்ட 16 கம்பியில பக்கத்துல பக்கத்துல அனுப்பும், பழைய கேபிள்ல 40 கம்பிக்கு மொத்தமே 7 கம்பி தான் கிரவுண்டு. வேகம் நொடிக்கு 33 எம்பி வரைக்கும் இருந்தப்ப அது தாங்குச்சு, 66 வந்தப்ப ஒரு கம்பியில போற சிக்னல் பக்கத்து கம்பியில ஒட்டிக்க ஆரம்பிச்சுது, ஒரே திண்ணையில நாலு பேர் நெருக்கி உக்காந்து ஆளுக்கொரு கதை பேசுனா யார் பேசுனது எதுன்னு புரியாது பாருங்க, அந்த மாதிரி. ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவுல ஒரு கிரவுண்டு கம்பிய சுவர் மாதிரி நிறுத்துனாங்க, அது தான் 80 கம்பி கேபிள். 66, 100, 133 எல்லாத்துக்கும் இது தான் வேணும். உங்க 40 ஜிபி டிஸ்க் அந்த காலத்து டிஸ்க், அதனால நெருக்கமா இருக்கறதையே போடுங்க.

ஆனா இத கவனிங்க, தடி கோடு கேபிள் போட்டாலும் டிஸ்க் காட்டாம போகாது. வேகம் 33க்கு எறங்கும், சில மதர்போர்டுல ஆன் பண்ணும்போது 80 கம்பி கேபிள் இல்லன்னு ஒரு வரி காட்டும், அவ்வளவு தான். எந்த கேபிள்ங்கற கேள்வி வேகத்துக்கு உண்டானது, டிஸ்க் காட்டாததுக்கு காரணம் வேற எங்கயோ இருக்கு. பெட்டிக்குள்ள இன்னும் கொஞ்சம் குறுகலா, நடுவுல சில கம்பி மட்டும் முறுக்கி விட்ட மாதிரி ஒரு பட்டை இருந்தா அத தொடவே வேண்டாம், அது பிளாப்பிக்கு, 34 ஓட்டை தான் இருக்கும்.

அடுத்தது எந்த முனை எங்க. 80 கம்பி கேபிள்ல மூணு கனெக்டரும் மூணு கலர்ல இருக்கும், நீலம் மதர்போர்டுக்கு, அந்த கடைசியில இருக்கற கருப்பு மாஸ்டருக்கு, நடுவுல இருக்கற சாம்பல் ஸ்லேவுக்கு. ஒரே கேபிள்ல ரெண்டு டிரைவ் போட்டா மொதலாவது மாஸ்டர், ரெண்டாவது ஸ்லேவ். அழகுக்கு போட்ட கலர்னு நெனச்சு திருப்பி மாட்டுறவங்கள நெறைய பாத்திருக்கேன். நீல முனையில மட்டும் 34வது பின் கிரவுண்டோட சேந்திருக்கும், அத வச்சு தான் போர்டு இது 80 கம்பின்னு தெரிஞ்சுக்குது. சாம்பல் கனெக்டர்ல 28வது பின் அறுத்து விட்டிருக்கும், ஜம்பர கேபிள் செலக்ட்ல வச்சா டிஸ்க் அந்த பின்ன பாத்து தான் நான் மாஸ்டரா ஸ்லேவான்னு முடிவு பண்ணும். திருப்பி மாட்டுனா இந்த ரெண்டு கணக்கும் கெட்டுரும். ஒரே ஒரு டிஸ்க் தான்னா கருப்புல மாட்டுங்க, நடுவுல மாட்டிட்டு கடைசி முனைய தொங்க விட்டா சிக்னல் அந்த வாலுக்கு போய் முட்டி திரும்பி வரும், வேகமான டிஸ்க்ல அது தப்பு காட்டும். நீளமும் அப்படித்தான், அதிகபட்சம் 18 இன்ச்னு தான் ஸ்டாண்டர்டு. பெரிய கேபினெட்டுக்குன்னு ஒரு முழத்துக்கு மேல நீளமா கேபிள் வித்தாங்க, அதுலயும் ஓடும், ஆனா பிரச்சனை வந்தா நான் மொதல்ல கழட்டுறது அத தான்.

இப்ப மாட்டுற எடத்துக்கு வருவோம், இங்க தான் அவசரம் ஆகாது. மெயின் சுவிட்ச அணைச்சுட்டு, பிளக்க உருவிட்டு, டார்ச் அடிச்சு டிஸ்க்கோட பின்பக்கத்த பாருங்க. ரெண்டு வரிசையா பின் இருக்கும், கீழ் வரிசையோ மேல் வரிசையோ நடுவுல ஒரு பின் இருக்காது, அது 20வது பின், வேணும்னே விட்டது. கேபிள்லயும் அந்த ஓட்டைய அடைச்சிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்னு. மத்த எந்த பின்னாவது ஒரு பக்கமா சாஞ்சிருக்கான்னு கண்ண சாச்சு வரிசையோட வரிசையா பாருங்க, கரும்பு தோட்டத்துல பாத்தி பாக்கற மாதிரி. மாத்தி மாத்தி மாட்டிருக்கேன்னு சொன்னீங்க, அதுல ஒரு பின் படுத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. படுத்திருந்தா தீந்து போன பால்பாயிண்ட் ரீபிள்ல இருந்து முனைய எடுத்துட்டு அந்த காலி குழாய பின் மேல மாட்டி மெதுவா, ஒரே தடவையில நிமுத்துங்க, ரெண்டாவது தடவ வளைச்சா ஒடஞ்சுரும். கேபிளோட ஒரு ஓரத்துல செவப்பு கோடு ஓடும், அது ஒண்ணாம் நம்பர் பின் பக்கம். பெரும்பாலான டிஸ்க்ல ஒண்ணாம் பின் கரண்டு சொருகுற பக்கத்துல தான் இருக்கும், அதனால செவப்பு கோடு கரண்டு ஒயர பாத்த மாதிரி வரணும். டிஸ்க் மேல இருக்கற லேபிள்லயோ போர்டுலயோ 1ன்னு அச்சடிச்சிருந்தா அத நம்புங்க.

திருப்பி மாட்டுனா என்ன ஆகும்னு பலபேர் கேட்டிருக்காங்க. பழைய கேபிள் சிலதுல 20வது ஓட்டை அடைக்காம இருக்கும், அதுல தான் இந்த தப்பு நடக்கும். டிஸ்க்கோட ஒண்ணாவது பின் ரீசெட், போர்டோட 40வது பின் கிரவுண்டு. தலைகீழா மாட்டுனா டிஸ்க்கோட ரீசெட் பின் நேரா கிரவுண்டுல போய் நிக்கும், ரீசெட் பட்டன யாரோ விரல எடுக்காம அமுக்கி புடிச்ச மாதிரி, டிஸ்க் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பாக்கறவங்களுக்கு செத்த மாதிரியே தெரியும். நான் பாத்த வரைக்கும் இதனால டிஸ்க் எரிஞ்சதில்ல, சரியா மாட்டுனதும் ஓடிருச்சு. கரண்டு பிளக் அப்படி இல்ல. மஞ்ச 12 வோல்ட்டு, செவப்பு 5 வோல்ட்டு, நடு ரெண்டு கருப்பு கிரவுண்டு, அந்த வெள்ள பிளக்கோட ரெண்டு மூலை சீவி இருக்கறது தலைகீழா போகாம இருக்கறதுக்கு தான், பலத்த காட்டி திருப்பி அமுக்குனா 12 வோல்ட்டு 5 வோல்ட்டு பாதையில ஏறி டிஸ்க் போர்டு அப்பவே கருகிரும். அதுல மட்டும் சந்தேகம் இருந்தா மாட்டாதீங்க.

அப்புறம் ஜம்பர். டிஸ்க்கோட பின்னாடி பட்டை கேபிளுக்கும் கரண்டுக்கும் நடுவுல சின்ன சின்ன பின்னா இருக்கும், அதுல ஒரு குட்டி மூடி. ஒரே கேபிள்ல டிஸ்க்கும் சிடி டிரைவும் ரெண்டுமே மாஸ்டர்னு இருந்தா ரெண்டுமே காணாம போகும், இல்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு காட்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கா இருந்தா இன்னொரு விஷயம், அதுல தனியா இருக்கறப்ப ஒரு நெல, கூட ஸ்லேவ் இருக்கறப்ப மாஸ்டர்னு வேற ஒரு நெல. தனியா மாட்டிட்டு ஸ்லேவோட மாஸ்டர் நெலயில ஜம்பர விட்டா, இல்லாத ஸ்லேவுக்காக காத்துகிட்டு நின்னுரும் சில மாடல். கடையில ஒரு நிமிஷத்துல மாட்டி பாத்தப்ப ஜம்பர பாத்தாங்களான்னு எனக்கு சந்தேகம் தான். லேபிள்ல படம் போட்டிருக்கும், அது பிரகாரம் வைங்க.

கேபிளே கெட்டு போகுமான்னு கேட்டா, போகும், நான் மறக்க முடியாத விஷயம் அது. 2003ல கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டு ஆபீஸ், கம்ப்யூட்டர தொறந்தா உள்ள மாவு கொட்டுன மாதிரி வெள்ள தூசி. டிஸ்க் காட்டல. ஜம்பர் பாத்தேன், கரண்டு பாத்தேன், கேபிள கழட்டி திரும்ப அதே கேபிளையே மாட்டுனேன், காட்டல, டிஸ்க் போயிடுச்சு சார்னு சொல்லிட்டு புது டிஸ்க்க அதோட வந்த புது கேபிள்ல போட்டு குடுத்துட்டு வந்தேன். அங்க கணக்கு எழுதுற அக்கா ஒருத்தங்க ஒரு வருஷத்து லாரி லோடு கணக்க பில் புக்க பாத்து பாத்து திரும்ப ஏத்துனாங்க, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு அவங்களுக்கு. ஆறு மாசம் கழிச்சு வேற ஒரு வேலைக்காக அந்த பழைய டிஸ்க்க எடுத்து வேற கேபிள்ல மாட்டுனேன், எல்லா பைலும் அப்படியே இருந்துச்சு. பழைய கேபிள எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாத்தா கருப்பு கனெக்டரோட முதுகு மூடி ஒரு ஓரத்துல நகக்கண் அளவு தூக்கி இருக்கு. அன்னிக்கு போய் அந்த அக்காகிட்ட உண்மைய சொல்லிட்டு வந்தேன். அதுல இருந்து வேற நல்ல கேபிள் ஒண்ண போட்டு பாக்காம டிஸ்க் போயிடுச்சுங்கற வார்த்தைய நான் சொல்றதில்ல.

ஏன் அப்படி ஆகுதுன்னா, இந்த பட்டை கேபிள்ல சால்டர் கெடையாது. கனெக்டருக்குள்ள ஒவ்வொரு பின்னுக்கும் கவட்டை மாதிரி ஒரு சின்ன பல்லு இருக்கும், பட்டைய அதுமேல வச்சு பிரஸ் பண்ணா பல்லு ரப்பர கிழிச்சுட்டு உள்ள இருக்கற செம்ப கடிச்சுக்கும், அந்த கடி தான் இணைப்பே. நாம கனெக்டர புடிக்காம பட்டைய புடிச்சு வெடுக்குன்னு இழுக்குறோம் பாருங்க, ஒவ்வொரு தடவையும் அந்த கடி கொஞ்சம் கொஞ்சமா தளருது. 80 கம்பி கேபிள்ல கம்பி இன்னும் மெல்லிசு, அது இன்னும் சீக்கிரம் விடும். கத்திமுனை மாதிரி மடிச்சு வச்ச எடத்துலயும் உள்ள ஒடையும், வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால உங்ககிட்ட இருக்கற ரெண்டு கேபிளையும் ஜன்னல் வெளிச்சத்துல கனெக்டர் முதுகு சமமா இருக்கா, மடிப்புல வெள்ளையா கோடு விழுந்திருக்கான்னு பாருங்க. இருவது வருஷம் பரண் சூட்டுல கெடந்த கேபிள், எனக்கு ரெண்டு மேலயும் நம்பிக்கை இல்ல.

கேபிள் அரைகுறையா போனா டிஸ்க் காட்டும், ஆனா மெதுவா இருக்கும், அதையும் சொல்லிடறேன். வர்ற வழியில தகவல் கெட்டா டிஸ்க்கும் போர்டும் கண்டுபுடிச்சு திரும்ப அனுப்பும், விண்டோஸ் எக்ஸ்பி அந்த மாதிரி ஆறு தப்பு சேந்ததும் வேகத்த ஒரு படி எறக்கும், எறங்கி எறங்கி கடைசியில பிஐஓங்கற ரொம்ப மெதுவான பழைய முறையில வந்து நிக்கும், கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஆயிரும். டிஸ்க் தன் நெலமைய தானே எழுதி வைக்கற ஸ்மார்ட் கணக்குல 199ங்கற வரி இந்த வழித்தப்ப எண்ணி வைக்கும். அது மட்டும் ஏறி இருந்து, தகட்டுல கெட்ட எடத்த எண்ணற 5, 197 ரெண்டும் சுழியமா இருந்தா நான் கேபிள தான் சந்தேகப்படுவேன், 5ம் 197ம் ஏறி இருந்தா தகடே தேயுதுன்னு அர்த்தம், அப்ப ஒரு நிமிஷமும் தள்ளி போடாம காபி எடுக்கணும்.

இனி உறுதியா சொல்ல முடியாத பக்கம். உங்க டிஸ்க் உயிரோட இருக்கான்னு அதோட சத்தம் தான் சொல்லும், அத நீங்க தான் கேக்கணும். கரண்டு மட்டும் குடுத்துட்டு காத கிட்ட வச்சு கேளுங்க. ஊய்ய்னு ஒரே சீரா சுத்தி, ரெண்டு மூணு தடவ கிர்ர்னு தகவல படிக்கற தலை நகந்து அமைதியாச்சுன்னா நல்ல சேதி, பைல் கெடைக்க வாய்ப்பு அதிகம். டக் டக் டக்னு அளவெடுத்த மாதிரி தட்டிகிட்டே இருந்தா உடனே அணைச்சிருங்க, அது தலை போன சத்தம், கேபிள் மாத்தி ஒரு புண்ணியமும் இல்ல, ஓட விட விட தகடு கீறிகிட்டே போகும். அதுக்கு சுத்தமான ரூம் வச்சு தொறக்கற டேட்டா ரெக்கவரி ஆளுங்க பெங்களூருலயும் சென்னையிலயும் இருக்காங்க, செலவு பெருசு, கெடைக்கும்னு உத்தரவாதமும் கெடையாது, என்னால முடியாத வேலை அது. சத்தமே இல்லன்னா கரண்டு வரலையோ, டிஸ்க்குக்கு கீழ இருக்கற பச்சை போர்டு போச்சோ, மோட்டார் எறுகிடுச்சோ, இதுல எதுன்னு கையில எடுத்து பாக்காம சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் பிரிட்ஜ்ல வைக்கறது, தட்டறது, மூடிய தொறந்து பாக்கறது, இந்த மூணும் வேண்டாம். யாரோ ஓடிச்சுன்னு சொல்லுவாங்க, ஒரு தடவ ஓடிருக்கலாம், உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு டிஸ்க்.

நான் உங்க எடத்துல இருந்தா பழைய கம்ப்யூட்டர்ல ஆன் பண்ணவே மாட்டேன். இருவது வருஷ எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு கரண்டு குடுக்கற பெட்டி), உள்ள கெப்பாசிட்டர் உப்பி இருந்தா எத்தன வோல்ட்டு விடும்னு அதுக்கே தெரியாது. யூஎஸ்பி ஐடிஇ அடாப்டர்னு ஒண்ணு கெடைக்குது, டிஸ்க் பின்னாடி நேரா சொருகிக்கும், நடுவுல பட்டை கேபிளே கெடையாது, அதனால கேபிள் சந்தேகம் ஒரே அடியா தீந்துரும். வாங்கும்போது தனியா கரண்டு அடாப்டர் கூட வருதான்னு பாத்து வாங்குங்க, இந்த பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட்டு வேணும், யூஎஸ்பில அது வராது, அத விட்டுட்டு டிஸ்க் சுத்தலைன்னு சொல்றவங்க நெறைய. ஜம்பர் மாஸ்டர்ல இருக்கட்டும் (வெஸ்டர்ன் டிஜிட்டல்னா தனியா இருக்கற நெலயில), மொதல்ல கரண்டு, டிஸ்க் சுத்தி நிதானமானதும் யூஎஸ்பி. விண்டோஸ் இந்த டிஸ்க்க ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு அடிங்க, செக் பண்ணி சரி பண்ணவான்னு கேட்டாலும் வேண்டாம். டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச புரோகிராம் லினக்ஸ்ல இருக்கு, படிக்க முடிஞ்சத மொதல்ல எடுத்துட்டு படிக்க முடியாத எடத்துக்கு அப்புறம் திரும்பி வரும், அத வச்சு மொத்த 40 ஜிபியையும் ஒரே பைலா இன்னொரு டிஸ்க்குக்கு எடுத்துட்டு, தேடறது எல்லாம் அந்த காபியில தேடுங்க. லினக்ஸ் பழக்கம் இல்லன்னா தெரிஞ்ச ஆள பக்கத்துல வச்சுக்கங்க, எதுல இருந்து எதுக்குன்னு மாத்தி அடிச்சா காலி டிஸ்க் அப்பா டிஸ்க் மேல ஏறிரும்.

கடைசியா ஒண்ணு, பைல் கெடைச்சு தொறந்து பாத்து மனசு ஒடஞ்சுராதீங்க. அப்பா டைப் பண்ண காலத்துல டிடிபி சென்டர்ல, எந்த கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தமிழ் காட்டற யூனிகோட் முறை புழக்கத்துல இல்ல, பாமினி மாதிரி ஃபாண்ட்ல தான் அடிப்பாங்க, அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா இங்கிலீஷ் எழுத்து கன்னாபின்னான்னு கலைஞ்சு கெடக்கற மாதிரி தெரியும். அது கெட்டு போன பைல் இல்ல, ஃபாண்ட் இல்ல, அவ்வளவு தான். அதே டிஸ்க்ல விண்டோஸ் போல்டருக்குள்ள ஃபாண்ட்ஸ்னு ஒரு போல்டர் இருக்கும், அத முழுசா காபி பண்ணிக்கங்க, அப்பா எந்த ஃபாண்ட்ல அடிச்சாரோ அது அதுக்குள்ள தான் இருக்கும். பைல் பேரு கடைசியில பி65ன்னோ பிஎம்டின்னோ முடிஞ்சா பேஜ்மேக்கர்ங்கற வேற புரோகிராம்ல பண்ணது, வேர்டுல தொறக்காது, அதையும் அழிச்சிராதீங்க. எழுத்து தெரிஞ்சதும் யூனிகோடுக்கு மாத்தற கன்வெர்டர் இருக்கு, மாத்திட்டு ஒரு பிரிண்டும் எடுத்து வைங்க.

இன்னிக்கு ராத்திரி வேற எதுவும் பண்ண வேண்டாம், டிஸ்க்கோட லேபிளையும் பின்பக்க பின்னையும் ஜம்பரையும் தெளிவா மூணு போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, ஜம்பர் எந்த நெலயில இருக்கணும்னு பாத்து சொல்றேன். கிருஷ்ணகிரி பக்கம் வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்க, அடாப்டரும் நல்ல 80 கம்பி கேபிளும் என்கிட்ட இருக்கு.